பைலான்: யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அவர்களே நிறுத்தினார்கள்
(வாசகர் கேள்வி – பதில்)

போன இதழில் ஆர்.ஈ.எம். என்ற அமெரிக்க ராக் குழுவைப் பற்றி எழுதும்போது, அதே ஊர்க்காரர்களான பைலான் குழு பற்றியும் நாலு வரி சேர்த்திருந்தேன். அந்த நாலு வரிக்குத்தான் இவ்வளவு கடிதங்கள். ஆர்.ஈ.எம்.மை விட்டுவிட்டு எல்லோரும் பைலானைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள், எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். ஆகவே இந்த முறை பகுதி முழுக்க அவர்களுக்கே.

சார், காலா கோடா ரிதம் ஹவுஸில் மணிக்கணக்கில் நின்று கேசட் பார்த்து வளர்ந்தவன் நான். ஆர்.ஈ.எம். கேசட்டெல்லாம் வாங்கிச் சேர்த்திருக்கிறேன். ஆனால் இந்தப் பைலான் பெயரை அங்கே பார்த்ததே இல்லை. யார் இவர்கள்?
– வாசகர், மாட்டுங்கா

பார்த்திருக்க வழியில்லை. நமக்கு இங்கே கிடைத்ததெல்லாம் பெரிய கம்பெனிகள் வெளியிட்டது. பைலானின் இசைத்தட்டுகளைப் போட்டது டிபி ரெக்கார்ட்ஸ், அட்லாண்டாவில் ஒரு இசைத்தட்டுக் கடைக்காரர் நடத்திய சின்ன லேபிள். அது பம்பாய் வரை வந்து சேர எந்த வழியும் இல்லை.

ஊர் ஏதென்ஸ். கிரேக்க நாட்டு ஏதென்ஸ் இல்லை, அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக ஊர். 1970களின் கடைசியில் அங்கே ஓவியம் படித்துக்கொண்டிருந்த ரேண்டி பியூலி, மைக்கேல் லகாவ்ஸ்கி என்ற இரண்டு பேர், இசை எதுவும் முறையாகக் கற்காமல், மலிவாகக் கிடைத்த கிட்டாரையும் பேஸ் கிட்டாரையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். அதே கட்டடத்தில் மாடியில் இருந்தவர் கர்டிஸ் க்ரோ. நாள் முழுக்க அந்தத் துணுக்கு காதில் விழுந்துகொண்டே இருந்தால் வேறு யாராக இருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பார்கள். இவர் கீழே இறங்கி வந்து, டிரம்ஸ் நான் வாசிக்கட்டுமா என்று கேட்டார். பாட ஆள் இல்லை. கிளிக்குப் பேச்சு பழக்குவதற்கென்று விற்ற ஒரு இசைத்தட்டை ஓடவிட்டு, அதில் வரும் குரலையே பாட்டுக் குரலாக வைத்துக்கொள்ளலாமா என்றுகூடப் பார்த்திருக்கிறார்கள்! அது சரிப்படவில்லை. 1979 தொடக்கத்தில் வனெஸ்ஸா பிரிஸ்கோ வந்து சேர்ந்தார், இவரும் ஓவியம் படித்தவர்தான். அப்புறம் சில வாரங்களில் மேடை ஏறிவிட்டார்கள்.

இவர்களின் திட்டத்தைச் சொல்ல வேண்டும். நியூயார்க் போவது, அங்கே ஒரு கச்சேரி செய்வது, 'நியூயார்க் ராக்கர்' பத்திரிகையில் தங்களைப் பற்றி நாலு வரி வரவைப்பது, வந்ததும் குழுவைக் கலைத்துவிடுவது. அவ்வளவுதான். இதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் வேர். அதே ஊரிலிருந்து கொஞ்சம் முன்னால் கிளம்பிப் பெயர் வாங்கியிருந்த பி-52ஸ் குழுவினர் கைகொடுக்க, 1979லேயே நியூயார்க்கின் ஹர்ரா கிளப்பில் கேங் ஆஃப் ஃபோர் குழுவுக்கு முன்னால் வாசித்துவிட்டார்கள். அதைக் கேட்ட க்ளென் ஓ'ப்ரையன் என்ற விமர்சகர், இவர்கள் காலைச் சாப்பாட்டுக்கே டப் கேட்பவர்கள் போலிருக்கிறது என்ற தொனியில் எழுதினார். டப் என்பது ஜமைக்காவிலிருந்து வந்த இசை, பாட்டில் இருப்பதை ஒவ்வொன்றாக உருவிவிட்டு பேஸையும் தாளத்தையும் எதிரொலியையும் மட்டும் மிச்சம் வைப்பார்கள். இவர்களுக்கோ டப் என்றால் என்னவென்றே அப்போது தெரியாது. தெரியாததையே பாட்டாக்கிவிட்டார்கள். முதல் சிங்கிளில் ஒரு பக்கம் 'கூல்', மறுபக்கம் 'டப்'.

பிறகு இரண்டு ஆல்பங்கள், 1980இல் 'கைரேட்', 1983இல் 'சாம்ப்'. அந்த டிசம்பரிலேயே கடைசிக் கச்சேரி வைத்துவிட்டுக் கலைந்துவிட்டார்கள்.

உங்கள் பகுதியைப் படித்துவிட்டு 'கூல்' கேட்டேன். ஏதோ ஒரு இழுப்பு இருக்கிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அப்பா எட்டிப் பார்த்து, "இதில் பாட்டு எங்கேம்மா இருக்கு?" என்றார். போஸ்ட்-பங்க் என்பது என்ன? எப்படிக் கேட்க வேண்டும்?
– கல்லூரி மாணவி, செம்பூர்

அப்பா கேட்டது நியாயமான கேள்விதான். நாம் கேட்டு வளர்ந்த சினிமாப் பாட்டில் குரல்தான் ராஜா. பல்லவி, சரணம், நடுவில் இடையிசை என்று எல்லாமே குரலுக்கு வழிவிட்டு நிற்கும். அந்தக் காதோடு 'கூல்' பக்கம் போனால் நடுவில் நாற்காலி காலியாகக் கிடப்பது போல இருக்கும். பைலானில் நடு என்று ஒன்று கிடையாது, நாலு பேருக்கும் சம பங்கு.

ஒன்று செய்து பாருங்கள். முதல் தடவை பேஸை மட்டும் கேளுங்கள். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் போகும் பாதையைத் தனியாகப் பிடித்துக் கேட்கிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர், அந்தப் பழக்கம் இங்கே உதவும். லகாவ்ஸ்கியின் பேஸ்தான் மெட்டு. அது அலையாது, ஒரு சின்ன வடிவத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். இரண்டாம் தடவை கிட்டாரைக் கேளுங்கள். கிட்டார் என்றால் இழைத்து இழைத்து நீளமாக வாசிப்பது என்று நினைத்துக்கொண்டிருப்போம், பியூலி அப்படி வாசிப்பதே இல்லை. தந்திகளைத் தன் இஷ்டத்துக்குச் சுருதி கூட்டி வைத்துக்கொண்டு வெட்டி வெட்டி வாசிக்கிறார். ஒரு வெட்டு, அப்புறம் சும்மா இருப்பார், திரும்ப ஒரு வெட்டு. அந்தச் சும்மா இருக்கிற இடம் இருக்கிறதே, அதில்தான் டிரம்ஸ் நுழைகிறது, உங்கள் காலும் தானாகத் தட்ட ஆரம்பிக்கிறது. நீங்கள் சொன்ன இழுப்பு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பேன். மூன்றாம் தடவை வனெஸ்ஸா. முணுமுணுப்பில் ஆரம்பித்து, உத்தரவு போடும் குரலாகி, திடீரென்று தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்துவார். இனிமையாகப் பாட வேண்டும் என்ற கவலை துளியும் இல்லாத, ஆனால் ஒரு இம்மிகூடத் தாளம் தவறாத குரல்.

போஸ்ட்-பங்க் என்ன என்று கேட்டீர்கள். 1976, 77இல் பங்க் என்ற முரட்டு ராக் இசை வந்து, இசை படிக்காதவனும் மேடை ஏறலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. அந்தத் துணிச்சலை எடுத்துக்கொண்டு, பங்க்கின் ஒரே மாதிரியான வேகத்தைக் கைவிட்டு, டப், ஃபங்க், டிஸ்கோ என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துக் குழைத்தவர்களை இந்தப் பெயரில் அழைக்கிறோம். லீட்ஸ் நகரத்து கேங் ஆஃப் ஃபோர், லண்டனின் வயர், பப்ளிக் இமேஜ் லிமிடெட் எல்லாம் இந்த வரிசை. அவர்களில் பலருக்கு அரசியல் கோபம் உண்டு. பைலானுக்கு யார் மேலும் கோபமில்லை. குழுவில் சிலர் ஏதென்ஸில் இருந்த ட்யூபான்ட் ஆலையில் வேலை பார்த்தவர்கள். அந்த வேலை, எந்திரம், எச்சரிக்கைப் பலகை இதெல்லாம் பாட்டுக்குள் வந்துவிட்டது. 'வொர்க்கிங் இஸ் நோ ப்ராப்ளம்', 'ப்ரிகாஷன்', 'டேஞ்சர்', 'டிரைவிங் ஸ்கூல்', 'ரீட் எ புக்' என்று தலைப்புகளைப் பாருங்கள், ஆலைச் சுவரில் ஒட்டியிருக்கும் தாள்களைப் படிக்கிற மாதிரியே இருக்கும். அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு ஊரையே ஆடவைத்தார்கள். ஏதென்ஸ்காரர்களுக்குப் பைலான் கச்சேரி என்றால் ஆடுவதற்குப் போகிற இடம். அப்பாவிடம் சொல்லுங்கள், பாட்டு காலில் இருக்கிறது என்று.

யூ2 குழுவோடு சேர்ந்து வாசிக்கிற வாய்ப்பு வந்தும் விட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கையில் வந்த அதிர்ஷ்டத்தைத் தள்ளிவிட்டவர்களை எதற்குக் கொண்டாட வேண்டும்? இது பொறுப்பில்லாத்தனம் இல்லையா?
– வாசகர், தானே

இல்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

1983இல், அயர்லாந்து ராக் குழுவான யூ2 பெயர் வாங்கி ஏறிக்கொண்டிருந்த நேரம். அவர்களுக்கு முன்னால் பைலான் சில இடங்களில் வாசித்தது. நிகழ்ச்சி ஏற்பாடு செய்த தரப்பு, இதே மாதிரி இன்னும் நிறைய ஊர்களுக்குப் போகலாம் என்று சொன்னது. அந்த மேடைகளில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வந்திருக்கும் கூட்டம் வேறு ஒருவருக்காகக் காத்திருக்கிறது. யாரும் ஆடப் போவதில்லை. அரை மணி வாசித்துவிட்டு இறங்கி, வண்டியில் ஏறி, அடுத்த ஊர். ஆடுவதற்கென்றே செய்யப்பட்ட இசையை, ஆடாத கூட்டத்துக்கு மாதக்கணக்கில் வாசிக்க வேண்டும். இதில் சந்தோஷம் இருக்கிற வரைக்கும் வாசிப்போம், அது வேலையாக மாறினால் நிறுத்திவிடுவோம் என்பதுதான் அவர்கள் முதலிலிருந்தே வைத்திருந்த பேச்சு. அதன்படியே நிறுத்தினார்கள். எடுத்த காரியத்தைப் பாதியில் விடுவதை நம் வீடுகளில் பெரிய குற்றமாகப் பேசுவோம், எனக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள். ஆனால் இவர்கள் எடுத்த காரியம் நாலு பேர் சேர்ந்து வாசிப்பது, ஊரை ஆடவைப்பது. அது முடிந்துவிட்டது. பிரபலமாவது என்பது அவர்கள் எடுத்த காரியமே இல்லை, அதை வெளியில் இருப்பவர்கள் ஆசைப்பட்டு அவர்கள் தலையில் வைத்தார்கள்.

இன்னொன்று, நிறுத்துவதைப் பெரிய சபதமாகவும் அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. ஏதென்ஸ் இசைக்காரர்களைப் பற்றி 1987இல் வந்த ஆவணப்படம், ஆர்.ஈ.எம். ஆட்கள் வாய்க்கு வாய் சொன்ன பெயர், இதனாலெல்லாம் திரும்ப ஆசை வந்தது. 1989இல் கூடினார்கள், 1990இல் 'செயின்' என்ற ஆல்பம் போட்டார்கள், அப்புறம் அதையும் நிறுத்தினார்கள். 2004இல் மறுபடியும் கூடினார்கள். நடுவில் வனெஸ்ஸா செவிலியராக வேலை பார்த்தார். ஒரு மனிதருக்கு இரண்டு வேலையும் முழு வேலையாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்? 2009 பிப்ரவரியில் ரேண்டி பியூலி வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்து, ஓரிரு நாளில் காலமானார். அதோடு பைலான் என்ற பெயரில் வாசிப்பது நின்றது. அவர்கள் தாமாக நிறுத்தாமல் நின்றது அது ஒன்றுதான். அந்த ஒன்றுக்காகத்தான் நான் வருத்தப்படுகிறேன், 1983க்காக இல்லை.

ஆர்.ஈ.எம். டிரம்மர் பைலானைப் புகழ்ந்தது சும்மா ஊர்ப்பாசம்தானே?
– வாசகர், ஆன்டாப் ஹில்

1987இல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை ஆர்.ஈ.எம்.மை அமெரிக்காவின் சிறந்த ராக் குழு என்று அட்டையிலேயே போட்டபோது, அவர்களின் டிரம்மர் பில் பெர்ரி அதை ஏற்றுக்கொள்ளாமல் பைலானைக் கைகாட்டினார். அதற்கும் இரண்டு வருஷம் முன்னால், 1985லேயே, பைலானின் 'கிரேஸி' பாட்டை ஆர்.ஈ.எம். தாங்களே பாடிப் பதிவு செய்து தங்கள் 'டிரைவர் 8' சிங்கிளின் மறுபக்கத்தில் போட்டிருந்தார்கள். கலைந்துபோன குழுவின் பாட்டை எடுத்துப் பாடுவது பாசத்துக்காக மட்டும் நடக்காது. இரண்டு பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், ஆர்.ஈ.எம். எங்கிருந்து கற்றுக்கொண்டது என்பது பிடிபடும்.

அண்ணா, நாங்க நாலு பேர் தாராவியில தமிழ் ராப் பண்றோம். எங்க ஏரியா ராப் குழு டோப்பாடெலிக்ஸ் 'காலா' படத்துல வந்த பிறகு எங்களுக்கும் நம்பிக்கை வந்திருக்கு. நாங்க செய்றதெல்லாம் போன்லதான் இருக்கு. இந்தப் பைலான் கதையில எங்களுக்கு எதாவது இருக்கா?
– வாசகர், தாராவி 90 அடி ரோடு

இருக்கிறது தம்பி, நிறையவே இருக்கிறது.

முதல் விஷயம், இடம். ஏதென்ஸில் இன்றைக்குப் பெரிய பெயரோடு நடக்கும் '40 வாட் கிளப்' இருக்கிறதே, அது கர்டிஸ் க்ரோ தங்கியிருந்த மாடியில் நடந்த பார்ட்டியில் ஆரம்பித்தது. அந்த இடத்தில் வெளிச்சம் என்று தொங்கியது ஒரு 40 வாட் பல்பு, அதையே பெயராக வைத்துவிட்டார்கள். வாசிக்கவும் ஆடவும் ஒரு அறை இருந்தது, மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

இரண்டாவது, இதைக் கவனமாகக் கேளுங்கள். முதல் சிங்கிளுக்கும் முன்னால், 1979இல், பைலான் தங்கள் பாட்டுகளை ஒரு டேப்பில் பதிவு செய்தது. வெளியிடுவதற்காகச் செய்ததில்லை. 'ராஸ் டேப்' என்று அதற்குப் பெயர். 2020இல் நியூ வெஸ்ட் நிறுவனம் 'பைலான் பாக்ஸ்' என்று நாலு எல்.பி.யும் 200 பக்கப் புத்தகமுமாக ஒரு தொகுப்புப் போட்டபோது, அந்த டேப் முழுசாக அதில் ஒரு தட்டாக வந்தது. நாற்பது வருஷம் ஒரு டேப்பை யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் வந்தது. கடைசிக் கச்சேரியும் அப்படித்தான். 1983இல் பதிவானது 2016இல் ஆல்பமாக வெளிவந்தது.

ஆகவே போனில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். போன் தொலையும், மழையில் நனையும், மெமரி நிரம்பினால் நீங்களே அழித்துவிடுவீர்கள். பாட்டை முழுசாக ஒரு ஃபைல், குரல் தனி, பீட் தனி என்று எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்க்கில் போட்டு, இன்னொரு பிரதியைக் குழுவில் இல்லாத ஒருவர் வீட்டில் வையுங்கள். அக்கா வீடு, அத்தை வீடு எதுவானாலும் சரி. ஏன் குழுவில் இல்லாதவர் என்றால், சண்டை போட்டுக்கொண்டு பிரிகிற நாளில் கோபத்தில் அழிக்காத கை அதுதான். தேதி, இடம், யார் என்ன செய்தார்கள் மூன்றையும் ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுங்கள். ஒட்டிய போஸ்டர், எடுத்த போட்டோ எதையும் எறியாதீர்கள். அந்த 200 பக்கப் புத்தகம் இதையெல்லாம் வைத்துத்தான் உருவாக முடியும்.

நம் மும்பையிலேயே இப்படிக் கவனிக்கப்படாமல் போய், பிறகு கண்டெடுக்கப்பட்டவர்கள் யாராவது உண்டா?
– வாசகி, டோம்பிவிலி

உண்டு, சரண்ஜித் சிங். போஸ்ட்-பங்க் இல்லை, ஆனால் இந்தப் பேச்சில் அவரை விட முடியாது. ஹிந்தி சினிமா இசைக்குழுக்களில் வாசித்தவர். ரோலண்ட் கம்பெனியின் டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 என்ற மூன்று மின்னணு இசைக்கருவிகளை வாங்கி வந்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து 1982இல் ஒரு ஆல்பம் போட்டார். பைரவி இருக்கிறது, பூபாளி இருக்கிறது, நமக்கு அது மோகனம். அன்றைக்கு அதை யாரும் சீந்தவில்லை. ஒரு டச்சு சேகரிப்பாளர் 2002இல் டெல்லியில் ஒரு கடையில் அந்தத் தட்டைக் கண்டெடுத்து, 2010இல் மறுபடி வெளியிட்டார். சிகாகோவில் 1987இல் ஆரம்பித்தது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையின் ஒலியை ஐந்து வருஷம் முன்னாலேயே மும்பையில் ஒருவர் வாசித்திருக்கிறாரே என்று உலகமே திரும்பிப் பார்த்தது. எழுபது வயதுக்கு மேல் ஐரோப்பாவுக்குப் போய் அதே ராகங்களை மேடையில் வாசித்தார். 2015இல் காலமானார்.

பைலானுக்கும் இவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பைலானுக்கு அவர்கள் ஊர் இருந்தது, ஊர்க்காரர்கள் விடாமல் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அதனால்தான் 2007இல் நியூயார்க்கின் டிஎஃப்ஏ நிறுவனம் 'கைரேட்'டை மறுபடி கொண்டுவந்தது. சரண்ஜித் சிங்கின் பெயரை இங்கே யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. இந்த ஊரில் இருந்துகொண்டு எனக்கு இது ஆறவே இல்லை.

பைலான் எல்.பி. வாங்க ஆசை. ஆனால் இருக்கிற தட்டுகளே ஒவ்வொரு மழைக்கும் பூஞ்சை பிடிக்கின்றன. பாட்டியின் பழைய எம்.எஸ். தட்டுகளும் இருக்கின்றன. என்ன செய்வது?
– வாசகி, முலுண்ட்

முதலில் பாட்டியின் தட்டுகள். கனமாக, நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றுவதாக இருந்தால் அது அரக்கு கலந்த பழைய தட்டு. ஆல்கஹால் கலந்த எதையும் அதன் பக்கமே கொண்டு போகாதீர்கள், கரைந்துவிடும். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, தேவைப்பட்டால் கொஞ்சம் ஈரத் துணி, உடனே உலர்த்தல், அவ்வளவு போதும். எல்.பி.க்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். பூஞ்சை முதலில் பிடிப்பது அட்டை உறையைத்தான், ஆகவே மழைக்காலத்தில் தட்டை உள்ளுறையோடு எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, அட்டையைக் காற்றாட விடுங்கள். பைலான் எல்.பி. அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் அஞ்சலும் சுங்கமும் சேர்ந்து தட்டு விலையைத் தாண்டலாம். இணையத்தில் கேட்டுப் பார்த்து, நிஜமாகவே பிடித்தால் வாங்குங்கள்.

எதில் ஆரம்பித்து எப்படிப் போகலாம்? இப்போது யாராவது இந்தப் பாட்டுகளைப் பாடுகிறார்களா?
– பலர்

'கூல்', 'டப்' இரண்டும் முதலில். அப்புறம் 'கைரேட்' முழுசாக, நடுவில் நிறுத்தாமல். 'சாம்ப்' கொஞ்சம் மென்மையான ஆல்பம், 'கிரேஸி'யும் 'எம்-ட்ரெய்'னும் அதில்தான். ஆல்பம் பிடித்துப்போனால் 'ராஸ் டேப்' பக்கம் வாருங்கள், அதே பாட்டுகள் இன்னும் ஈரம் காயாமல் இருக்கும். 'செயின்' கடைசியில் கேட்டால் போதும்.

வனெஸ்ஸா பிரிஸ்கோ ஹே இப்போதும் பாடுகிறார். 'பைலான் ரீஎனாக்ட்மென்ட் சொசைட்டி' என்று வேறு சில ஏதென்ஸ் இசைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு பழைய பாட்டுகளை வாசிக்க ஆரம்பித்தவர், 2024இல் 'மேக்னெட் ஃபேக்டரி' என்று புதுப் பாட்டுகளோடு ஓர் ஆல்பமே போட்டுவிட்டார். குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது, அந்த உத்தரவு போடும் தொனி அப்படியே இருக்கிறது. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், அடுத்த இதழில் எழுதுகிறேன். அதற்குள் கேட்டுவிட்டு உங்களுக்கு எப்படிப் பட்டது என்று எழுதி அனுப்புங்கள்.